நாலரைக் கிலோ: கொழும்பில் டயலிசிஸ் செய்துவரும் ஒரு டீச்சரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவரை 'டீச்சர்' என்றே எழுதுகிறேன். வார்ட்டில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவருடைய சம்மதத்தோடு எழுதுவது இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருத்துவமனையின் பெயரையும் விட்டுவிட்டேன். நான் அங்கே சிறுநீரக நோயாளிகளோடு வேலை செய்யும் உளவளத்துணையாளர்.

அனுப்பப்பட்ட காரணம்

என் கைக்கு வந்த துண்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: நீர்க் கட்டுப்பாட்டைப் பின்பற்றுவதில்லை, ஆலோசனை தேவை.

டீச்சருக்கு வயது 48. செவ்வாயும் வெள்ளியும் நாலு மணித்தியாலம் டயலிசிஸ். கிழமைக்கு மூன்று முறை செய்வதுதான் உலகில் பொதுவான முறை. இங்கே அரசாங்க மருத்துவமனைகளில் இயந்திரங்கள் போதாததால் பலருக்கு இரண்டு முறைதான் கிடைக்கிறது. இடைப்பட்ட நாட்களில் உடம்பில் தங்கும் நீர் அப்படியே எடையில் ஏறும். ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோ. டீச்சர் அநேகமாக ஒவ்வொரு தடவையும் நாலரைக் கிலோ கூடித்தான் வந்தார். ஒரு ஞாயிறு இரவு மூச்சு முட்டி, 1990 இலக்க அவசர ஆம்புலன்சில் கொண்டுவந்து சேர்த்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆளே வரவில்லை.

'சொல்லுக் கேக்காதவ' என்று வார்ட்டில் பெயர் விழுந்துவிட்டது. நாலரைக் கிலோவை நாலு மணித்தியாலத்தில் இழுத்தால் பிரஷர் விழும், கால் குறண்டிப் பிடிக்கும், அந்த அவதியைப் பக்கத்தில் நின்று பார்ப்பது தாதிமார்தான். அவர்கள் ஏசியதில் பயமும் அக்கறையும் இருந்தன. ஆனால் தராசில் ஏற்றி, பிரஷர் பார்த்து, சீனி பார்த்து, கொப்பியில் எழுதி முடித்த பிறகும், ஏன் குடிக்கிறீர்கள் என்று ஒருவர்கூட அவரிடம் கேட்டிருக்கவில்லை.

பின்னணி

சொந்த ஊர் யாழ்ப்பாணப் பக்கம். 90களில் குடும்பத்தோடு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் தங்கியவர். கணவருக்குப் புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு வேலை. மூத்தவளுக்கு 25 வயது, ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இளையவன் உயர்தரம் படிக்கிறான். டீச்சர் பாடசாலையில் படிப்பித்தவர் இல்லை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வாடகை வீட்டின் முன்னறையில், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தியவர். இப்படிப் பதினெட்டு வருடம். அவரிடம் படித்தவர்களின் தம்பி தங்கைகளும் பிறகு வந்து படித்திருக்கிறார்கள்.

சீனி வருத்தம் 34 வயதில் வந்தது, பிரஷர் அதற்குப் பின்னால். 2021இல் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். அளவு 30க்குக் கீழே போனது, அதாவது சிறுநீரக நோயின் ஐந்து கட்டங்களில் நாலாம் கட்டம். கையில் ஃபிஸ்டுலா போட்டு வைக்கச் சொன்னார்கள். நாடியையும் நாளத்தையும் சேர்த்துவிடும் சின்ன ஒப்பரேஷன் அது. ஊசி ஏற்றும் அளவுக்கு நாளம் தடிக்கக் கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். பரீட்சை முடியட்டும் என்று டீச்சர் தள்ளிப்போட்டார். பிறகு 2022 வந்தது. பெட்ரோல் வரிசை, மின்வெட்டு, மருந்துத் தட்டுப்பாடு என்று ஊரே அல்லாடிய வருடத்தில் அவருடைய கிளினிக்கும் தவறிப்போனது. 2023இன் தொடக்கத்தில் வாந்தியும் வீக்கமுமாக அவசரமாகச் சேர்த்து, கழுத்தில் குழாய் போட்டுத்தான் முதல் டயலிசிஸ் நடந்தது. இடது கையில் ஃபிஸ்டுலா போட்டது அதற்குப் பிறகு.

இப்படி ஆயத்தமில்லாமல் டயலிசிசுக்குள் விழுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். முன்கூட்டியே பேசி, இயந்திரத்தைப் போய்ப் பார்த்து, வீட்டில் வேலைகளைப் பிரித்து வைத்துவிட்டு வருகிறவர்களுக்கு, தன் வாழ்க்கையைத் தானே நடத்துகிறேன் என்ற உணர்வு கொஞ்சமாவது மிஞ்சும். டீச்சருக்கு அது மிஞ்சவில்லை.

கதிரைக்குப் பக்கத்தில்

முதல் சந்திப்பு டயலிசிஸ் நடக்கும்போதே நடந்தது. என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது: "தண்ணி குடிக்கிறதுக்குத்தானே ஏசப் போறீங்கள், ஏசுங்கோ பிள்ளை."

தண்ணீரைப் பற்றி நான் அன்று கேட்கவில்லை. வருத்தம் வருவதற்கு முன் ஒரு சாதாரண சனிக்கிழமை எப்படிப் போகும் என்று கேட்டேன். விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் புட்டு அவிப்பதில் தொடங்கி, ஏழரைக்கு வரும் முதல் தொகுதிப் பிள்ளைகள், அவர்களுக்குள் யார் கணக்கில் கெட்டிக்காரர், யார் கட்டுரை எழுதச் சொன்னால் அழுவார் என்று ஒரு மணித்தியாலம் பேசினார். இயந்திரத்தின் சத்தத்தில் சில சொற்கள் எனக்குக் கேட்கவே இல்லை. நான் நிறுத்தவும் இல்லை.

வார்ட்டில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்தான். டீச்சருக்குச் சிங்களம் தெரியும், கடைக்கும் பஸ்ஸுக்கும் கிளினிக்குக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் நித்திரை வராத இரவைப் பற்றியும், மகளைப் பார்த்தால் வரும் குற்ற உணர்வைப் பற்றியும் பேச அது போதாது. தாதிமாரில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் லீவில் நிற்கும் நாட்களில் டீச்சர் 'ஓம்', 'இல்லை' தவிர வேறு பேசுவதில்லை. இதனாலேயே அவரை 'அமைதியான ஆள், பிரச்சினை இல்லை' என்று நினைத்தவர்களும் இருந்தார்கள்.

வகுப்பு நின்ற கதை இரண்டாவது சந்திப்பில் வந்தது. கழுத்துக் குழாயின் கட்டைப் பார்த்த ஒரு தாய், "இது தொத்துமா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார். தொற்றாது. சிறுநீரக நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் நோயே இல்லை. டீச்சர் விளங்கப்படுத்தியும் அந்தப் பிள்ளை மறுநாள் வரவில்லை. மேலும் இரண்டு பேர் வராமல் நின்றுவிட்டார்கள். மிச்சப் பேரை அவரே அனுப்பிவிட்டார். அதன் பிறகு வீட்டில் சமையல் மகள் கையில், கடைக்குப் போவது கணவர், துணி மடிப்பதுகூட மகன். 'அம்மா, நீங்க சும்மா இருங்கோ' என்பது அன்பாகச் சொன்னதுதான். நாள் முழுக்கச் சும்மா இருந்தார்.

மூன்றாவது தடவைதான் இரவு நேரத்துத் தண்ணீர் பற்றிச் சொன்னார். இரண்டு மணிபோல முழிப்பு வரும். கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், நடந்தால்தான் அடங்கும். முதுகு முழுக்கக் கடி. சீப்பால் சொறிந்துகொண்டு குசினிக்குள் நடப்பார். லைட் போட்டால் பிள்ளைகள் எழும்புவார்கள் என்று போடுவதில்லை. பிரிட்ஜைத் திறந்து, அந்த வெளிச்சத்தில் நின்றபடி போத்தலோடு குடிப்பார். டம்ளரில் ஊற்றினால் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

"தாகம் மட்டும் இல்லை பிள்ளை. குடிச்சா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடிச்சனான்."

சாக வேண்டும் என்று நினைத்துக் குடித்தீர்களா என்று நேராகவே கேட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, கேட்டதும் பாரம் இறங்கியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சாகிறதுக்கெண்டு இல்லை. இவையளுக்குப் பாரமில்லாமப் போனா நல்லம் எண்டு நினைப்பன்."

அன்றே அவருடைய சம்மதத்தோடு சிறுநீரக டொக்டரிடம் சொன்னேன். கணவரையும் மகளையும் கூப்பிட்டுப் பேசினோம். சில கிழமைகளுக்கு மகள் அவருடைய அறையில் படுப்பது, இரவில் எழும்பினால் மகளையும் எழுப்புவது, யாரையும் எழுப்ப மனமில்லாவிட்டால் 1926க்கு எடுப்பது என்று ஒரு ஏற்பாடு. 1926 தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவை. இந்த மூன்றையும் தமிழில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொன்னேன்.

மதிப்பீடு

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தைத் தமிழில் வாசித்துக் கேட்டோம். 27க்கு 18 வந்தது. 10 வந்தாலே கவனிக்க வேண்டும். ஆனால் சிறுநீரக நோயாளிகளில் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. களைப்பு, பசியின்மை, நித்திரையின்மை என்று படிவம் கேட்கும் பலதும் நோயே கொண்டுவருபவை. டயலிசிஸ் செய்பவர்களில் கேள்வித்தாளால் மட்டும் அளந்தால் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகத் தெரிகிறது, முறையான நேர்காணலில் அது நாலில் ஒருவருக்கும் சற்றுக் குறைவாக இறங்குகிறது என்று 2013இல் உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், ஒரு வார்ட்டில் இருபது பேர் இருந்தால் நாலு பேருக்கு மேல்.

ஆகவே உடம்பு சம்பந்தமான கேள்விகளை ஒதுக்கி, எதிலும் ஈடுபாடு இல்லாதது, தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம், சாவு பற்றிய நினைப்பு ஆகிய மூன்றையும் தனியாகப் பார்த்தேன். மூன்றும் அநேகமாக ஒவ்வொரு நாளும் இருந்தன. அது மனச்சோர்வுதான், சந்தேகமில்லை.

அதே நேரம் உடம்பையும் விட்டுவிட முடியாது. டொக்டர் மறுபடி பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.9 மட்டும். இரும்புச் சத்துக் குறைவு, கால் ஊர்வதற்கு அதுவும் ஒரு காரணம். பொஸ்பரஸ் கூடியிருந்தது, கடிக்கு அது துணைபோகும். சீனியும் ஏறித்தான் இருந்தது, சீனி ஏறினால் தாகம் தானாக வரும். அதாவது, அவர் குடித்த தண்ணீரில் ஒரு பங்கு துயரம், ஒரு பங்கு உண்மையான தாகம். இரண்டையும் 'கட்டுப்பாடு இல்லை' என்று ஒரே வரியில் எழுதிவிட்டோம்.

மனநல டொக்டரைப் பார்ப்பது

"என்னை அங்கொடைக்கு அனுப்பப் போறீங்களோ?" என்பதுதான் டீச்சரின் முதல் கேள்வி. கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை. அங்கொடையில் இருக்கும் மனநல மருத்துவமனை எத்தனையோ பேரைச் சுகப்படுத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது, ஆனாலும் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. இதே மருத்துவமனையில், பக்கத்துக் கட்டடத்தில், செவ்வாய்க்கிழமை டயலிசிஸ் முடிந்து போகும் வழியில் பார்க்கலாம் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

மருந்து விஷயத்தில் அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. டயலிசிஸ் செய்பவர்களில் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்தையும் சிந்தனை நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுச் சிகிச்சையையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. இரண்டிலும் நோயாளிகள் தேறினார்கள். பன்னிரண்டு கிழமை முடிவில் மருந்து சற்று முன்னால் நின்றது, பக்கவிளைவும் அதில்தான் கூட. டீச்சருக்குக் குறைந்த அளவில் அந்த மருந்தைத் தொடங்கினார்கள். இவ்வகை மருந்து சிலருக்குக் கால் ஊர்வதைக் கூட்டக்கூடும் என்பதால் அதையும் கவனித்துக்கொண்டார்கள். பேச்சுச் சிகிச்சை என் பொறுப்பு, டயலிசிஸ் கதிரையிலேயே.

வீட்டுக்குள் மறைத்து வைத்தது

மூத்தவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். தாய்க்குக் கிட்னி வருத்தம் என்று தெரிந்தால் 'பரம்பரை வருத்தமோ' என்று கேட்பார்கள், பேச்சு முறிந்துவிடும் என்று குடும்பமே சேர்ந்து மறைத்தது. டீச்சர் முழங்கை தாண்டிய சட்டைதான் சேலைக்குப் போடுவார். ஃபிஸ்டுலா தடித்து வெளியே தெரியும், கை வைத்தால் அதிரும். சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார். போனால் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பார்கள், சாப்பிட்டால் பொட்டாசியம் ஏறும். ஆடிவேல் தேர் காலி வீதியால் வரும்போதுகூடப் பல்கனியில் நின்று பார்த்ததோடு சரி.

டீச்சரின் நோய் நீரிழிவால் வந்தது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறையும் வகை நோய் ஒன்று பெற்றாரிடமிருந்து பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்போடு போகும். இவருடையது அதுவல்ல. மகளுக்கு நீரிழிவு வரும் வாய்ப்புச் சற்று அதிகம், அதற்கு வருடத்துக்கு ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் சோதித்தால் போதும். அயலில் இன்னொரு கதையும் ஓடியது: 'அனுராதபுரப் பக்கத் தண்ணி குடிச்சதாலதான்' என்று. அனுராதபுரம் உள்ள வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே 90களிலிருந்து தெரியவந்த சிறுநீரக நோய் வேறு. நீரிழிவும் பிரஷரும் இல்லாதவர்களுக்கு வருவதுதான் அதன் விசேஷம். இதை எல்லாம் குடும்பத்தை ஒன்றாக இருத்தி, டொக்டரையே சொல்லச் சொன்னோம்.

அந்தப் பேச்சில்தான் இன்னொன்று வெளியே வந்தது. மகள் தன் சிறுநீரகத்தைக் கொடுக்கலாமா என்று தாய்க்குத் தெரியாமல் ஒரு டொக்டரிடம் கேட்டிருக்கிறாள். டீச்சருக்கு அது ஏற்கெனவே தெரியும். தெரிந்த நாளிலிருந்துதான் இரவுத் தண்ணீர் கூடியது. "கலியாணம் ஆகாத பிள்ளையின்ர வயித்தைக் கீறி நான் இருக்கிறதோ?" என்று எல்லோர் முன்னாலும் அழுதார். மகளும் அழுதாள். கணவர் எழும்பி வெளியே போய்விட்டார். தானம் கொடுப்பதற்கு நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் கொடுக்க முன்வரும் மகளுக்கும் வாங்க மறுக்கும் தாய்க்கும் நடுவில் உள்ளதைச் சட்டம் தீர்க்காது. இப்போதைக்கு இந்தப் பேச்சை ஒருவரும் எடுப்பதில்லை, ஆறு மாதம் கழித்துத் திரும்ப எடுப்போம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தவணையே அவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்ததைக் கண்டேன்.

செய்த மாற்றங்கள்

முதலில் ஏசுவதை நிறுத்தினோம். தாதிமாரோடு பேசி, எடையைச் சொல்லும்போது எண்ணை மட்டும் சொல்வது என்று முடிவெடுத்தோம். அப்புறம் உப்பு. உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்கச் சொல்வதில் பயனே இல்லை. டீச்சரின் வீட்டில் கருவாடும் மாசிச் சம்பலும் அச்சாறும் ஒவ்வொரு நாளும் இருந்தன. அவற்றைப் படிப்படியாக எடுத்தார்கள். ஒரு நாளைக்கு வெளியேறும் சிறுநீரின் அளவோடு 500 மில்லிலீற்றர் என்பது டொக்டர் தந்த கணக்கு. அந்த அளவுத் தண்ணீரை விடிய ஒரு போத்தலில் தானே அளந்து வைப்பது டீச்சரின் வேலை. பிளேன்டீயும் சொதியும் அந்தக் கணக்குக்குள்தான். மகள் அளக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

வகுப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரே கேட்டார். டயலிசிஸ் முடிந்த அன்று ஆள் துவண்டுவிடுவார், அடுத்த நாள் மத்தியானம்தான் தெளிவார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும், மூன்று பிள்ளைகள். பெற்றாரைக் கூப்பிட்டு, நீளக் கையைச் சுருட்டிக் காட்டி, இதுதான் வருத்தம், தொற்றாது, சில நாட்களில் வகுப்பு நிற்கும் என்று முதலே சொல்லிவிட்டார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நான் போனபோது இடது கையில் ஊசிகள் ஏறியிருக்க, மடியில் ஒரு தட்டு, அதன் மேல் மாதிரி வினாத்தாள்கள். வலது கையில் சிவப்புப் பேனை. ஒரு பிள்ளை வகுத்தலில் மிச்சத்தை எழுத மறந்திருந்தது. "பாருங்கோ, விடை சரி, மிச்சத்தை விட்டிட்டான்" என்று எனக்குக் காட்டினார். பக்கத்துக் கதிரையில் இருந்த சிங்கள அம்மா ஒருவர் தன் பேரனுக்கும் கணக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்க, அவர்களுக்குள் பேச்சுத் தொடங்கியது. நாலாவது மாதத்தில் அந்த ஒன்பது கேள்விப் படிவத்தின் எண் 18இலிருந்து 8க்கு இறங்கியிருந்தது. ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டியிருந்தது. எடை இரண்டரைக் கிலோவுக்கு மேல் கூடுவது அரிதாகிவிட்டது.

பக்கத்துக் கதிரை

அந்தச் சிங்கள அம்மா ஐந்தாவது மாதம் இறந்துபோனார். ஒருவரும் சொல்லவில்லை. டயலிசிஸ் அறைகளில் இதுதான் நடைமுறை. ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கதிரையில் புது ஆள் இருப்பார். கேட்டால் 'வேற ஷிஃப்டுக்கு மாத்தியிருக்கு' என்பார்கள். எல்லோருக்கும் விளங்கும், எல்லோரும் விளங்காத மாதிரி இருப்பார்கள். டீச்சர் அந்தக் கிழமை மூன்றரைக் கிலோ கூடி வந்தார்.

நோயாளிகளைப் பயப்படுத்தக் கூடாது என்ற எண்ணத்தில்தான் மறைக்கிறார்கள். ஆனால் கிழமைக்கு எட்டு மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒருவர் இரத்தம் வெளியே சுற்றுவதை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அயலவரைவிட நெருக்கமானவர்கள். அவர்களுக்குத் துக்கம் கொண்டாட உரிமை உண்டு. டீச்சரிடம் நான் உண்மையைச் சொன்னேன். அவர் கேட்டது செத்தவீட்டு விலாசம். மகளோடு ஓட்டோ பிடித்து மருதானைக்குப் போய்வந்தார், அரைக்கைச் சட்டையோடு. அதன் பிறகு எடை மறுபடி இறங்கியது. இப்போது அந்த வார்ட்டில், குடும்பம் சம்மதித்தால், தாதி ஒருவர் எல்லோருக்கும் இரு மொழியிலும் செய்தியைச் சொல்கிறார்.

இப்போதைய நிலை

ஞாயிறு வகுப்பில் ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். மருந்து தொடர்கிறது, எப்போது குறைப்பது என்பதை மனநல டொக்டர் முடிவெடுப்பார். அடுத்து வந்த சம்பந்தத்தில் தாயின் வருத்தத்தை முதல் பேச்சிலேயே சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் யோசித்துச் சொல்வதாகப் போனவர்கள், இன்னும் பதில் தரவில்லை. மகள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்கிறாள், டீச்சர் எடுக்கிறார். தானம் பற்றிய ஆறு மாதத் தவணை அடுத்த மாதம் முடிகிறது. இருவரும் சிறுநீரக மாற்று சிகிச்சைப் பிரிவின் டொக்டரைச் சேர்ந்து போய்ப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு மேல் ஒன்றும் முடிவாகவில்லை.

இன்னும் தொடாமல் கிடப்பது கணவரின் பக்கம். டயலிசிஸ் நாட்களில் அவருக்கு அரைநாள் சம்பளம் போகிறது. வெளியில் செய்யும் சோதனைகளுக்கும் சில ஊசிகளுக்கும் கடன் வாங்கியிருக்கிறார், எவ்வளவு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. போன மாதம் பார்த்தபோது பிரஷர் 160ஐத் தாண்டியிருந்தது. நான் பேசக் கூப்பிட்டால், "எனக்கென்ன தங்கச்சி, அவவைப் பாருங்கோ" என்பார். வருகிற வெள்ளி டயலிசிஸ் முடியும் நேரத்தில் அவருக்கென்று அரை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறேன். டீச்சர்தான் அவரைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.